வீரசாகசம், வழி: திருக்கழுக்குன்றம்

"இதெல்லாம் உங்களுக்கு எங்க சார் தோணுது?" சாகசக் கதை எழுதுகிறவனைப் பார்த்தால் எல்லாரும் கேட்பது இதைத்தான். அலைகடல், நிலவொளி, வாளின் பளபளப்பு என்று ஏதாவது எதிர்பார்த்துக் கேட்கிறார்கள். எனக்குத் தோன்றியதெல்லாம் காணாமல் போன பக்கங்களிலிருந்துதான்.

எங்கள் வீட்டுப் பரணில் 'கடல் புறா' இருந்தது. கடையில் வாங்கியது இல்லை. குமுதத்தில் வந்த சாண்டில்யன் தொடரை அத்தை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசை தடவி, பழைய காலண்டர் அட்டை போட்டு பைண்டு பண்ணியது. இளைய பல்லவன் வாளை உருவும் பக்கத்தைத் திருப்பினால் பின்னால் தலைவலித் தைலம் விளம்பரம். நடுநடுவே சில வாரங்கள் மட்டும் இருக்காது, இரவல் போய்த் திரும்பாதவை. கப்பல்கள் மோதப் போகும் கட்டத்தில் 'தொடரும்' என்றிருக்கும். அடுத்த தாளில் எல்லாரும் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். "நடுவுல என்ன ஆச்சு அத்தை?" என்றால், "ஜெயிச்சிருப்பான்டா, படு" என்பாள். எப்படி ஜெயித்திருப்பான் என்று யோசித்துக்கொண்டே படுப்பேன். அவனுக்காக நான் எரித்த கப்பல்களுக்குக் கணக்கே இல்லை.

ஊரும் கொஞ்சம் உடந்தை. செங்கல்பட்டில் விஜயநகரத்தார் காலத்துக் கோட்டை உண்டு. கிளைவ் 1752-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த அந்தக் கோட்டையை இப்போது ரயில் ஊடறுத்துக்கொண்டு போகிறது. கோட்டைக்குள் நுழைய கிளைவுக்கு பீரங்கி தேவைப்பட்டது. எங்களுக்கு சீசன் டிக்கெட் போதும். ஆனால் ரயிலில் இருப்பவர்கள் யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. கோட்டையைத் தாண்டும் நேரத்தில் சீட் பிடிக்கும் போர் உள்ளே உச்சத்தில் இருக்கும்.

திருக்கழுக்குன்றத்தில் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு மலை ஏறியிருக்கிறேன். உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும் என்பது ஊரறிந்த சங்கதி. காசியிலிருந்து ராமேசுவரம் போகிற வழியில் இங்கே மதியச் சாப்பாடு என்று பாட்டி சொன்னாள். பறவைக்கு இப்படியொரு பயணத்திட்டம் போட்டுக் கொடுத்தவர் யாரோ, அவர்தான் எங்கள் பக்கத்தின் முதல் சாகச எழுத்தாளர். இப்போது கழுகுகள் வருவதில்லை. கதை மட்டும் தினமும் வந்துவிட்டுப் போகிறது.

சரி, நிஜமான சாகசக்காரர்கள் ஏன் எழுதுவதில்லை? இந்தச் சந்தேகத்தோடு ஒரு நாள் மாமல்லபுரம் கடற்கரையில், வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். புயலில் மாட்டியிருக்கிறீர்களா என்றேன். கையிலிருந்த நைலான் சிக்கலை விடாமல் சொன்னார்: "காத்து அடிச்சுது. வல பூட்சு. கரைக்கு வந்துட்டோம்." அவ்வளவுதான். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தேன். "அப்புறம்?" என்றேன். "அப்புறம் இன்னா, வூட்டுக்குப் போயி தூங்கினேன்" என்றார்.

இதற்கு நேர் எதிர் ஜாதி உண்டு. சாண்டோகான் என்ற கடற்கொள்ளை வீரனை மலேயாக் கடலில் ஓடவிட்ட இத்தாலிக்காரர் எமிலியோ சால்காரி கீழ்த்திசைப் பக்கமே வந்ததில்லை. ராபர்ட் சதே என்ற ஆங்கிலக் கவிஞரும் அப்படித்தான். மாமல்லபுரத்தைக் கப்பல்காரர்கள் 'ஏழு கோயில்கள்' என்று அழைத்ததையும், கடலுக்குள் போய்விட்ட கோயில்களைப் பற்றி ஊரார் பேசிக்கொண்டதையும் வில்லியம் சேம்பர்ஸ் 1788-ல் அச்சில் ஏற்றினார். அந்தக் கட்டுரையைப் பிடித்துக்கொண்டு, இந்தியாவை எட்டிக்கூடப் பார்க்காத சதே, 1810-ல் வெளிவந்த தன் காவியத்தில் மாவலியின் நகரத்தையே கடலுக்கடியில் கட்டிவிட்டார். கால் நனையாத ஆள்தான் ஆழம் வரை போகிறார்.

நம் கல்கி குறைந்தபட்சம் மணலிலாவது உட்கார்ந்தார். ரசிகமணி டி.கே.சி.யோடு மாமல்லபுரம் கடற்கரையில் இருந்தபோதுதான் 'சிவகாமியின் சபதம்' மனத்தில் எழுந்தது என்று அவரே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். கையில் இருந்த சரித்திரம் எவ்வளவு? 642 வாக்கில் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தான். பரஞ்சோதி படை நடத்தினார். செப்பேடும் கல்வெட்டும் நம் வலைக்காரப் பெரியவரைப் போலத்தான் பேசும்: போனோம், பிடித்தோம், வந்தோம். ஏன் போனான், இடையில் யார் அழுதார்கள் என்பதெல்லாம் அந்தச் சாசனங்களில் காணாமல் போன வாரங்கள். அந்த இடத்தில்தான் சிவகாமியும் நாகநந்தியும் குடியேறினார்கள். 1944 முதல் 1946 வரை வாராவாரம் தமிழ்நாடு மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தது. இன்றைக்கும் ரதங்களின் பக்கம் நின்றுகொண்டு, சிவகாமி எங்கே ஆடினாள் என்று வழிகாட்டிகளைக் கேட்கிறவர்கள் உண்டு. வழிகாட்டியும் தயங்காமல் ஒரு பாறையைக் காட்டுகிறார். அவருக்கும் ஒரு தொடர்கதை எழுதலாம்.

அந்த முன்னுரையில் எல்லாரும் நிலவையும் கடலையும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த டி.கே.சி.யை. கடலும் நிலவும் எல்லாருக்கும் இலவசம். "அட, அப்புறம்?" என்று கேட்க ஒரு ரசிகமணி அமைவது அபூர்வம். பெரியவருக்கு வாய்த்த "அப்புறம்" நான்தான், அதுவும் வெகு தாமதமாக.

எனக்கு அமைந்த ரசிகமணி வீட்டிலேயே இருக்கிறாள். என் புது நாவலின் நாயகன் இரகசிய ஓலையோடு மாமல்லபுரம் துறைமுகத்திலிருந்து அந்தி நேரத்தில் குதிரை ஏறி, விடிவதற்குள் காஞ்சியில் இறங்குகிறான். முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்த மனைவிக்கு உணர்ச்சியோடு படித்துக் காட்டினேன்.

"நேரா போயிடறானா?"

"குதிரைம்மா. காத்தா பறக்குது."

"குதிரைன்னா தண்ணி தவிக்காதா? நமக்கே செங்கல்பட்டுல இறங்கி ஒரு டீ குடிச்சாத்தான் காஞ்சிபுரம் பஸ் ஏற முடியுது."

பேசாமல் உள்ளே போய் அத்தியாயத்தைத் திருத்தினேன். இப்போது நாயகன் கொளவாய் ஏரிக்கரையில் நிற்கிறான். பல்லவர் காலத்தில் அந்த ஏரி இருந்ததா என்று யாராவது கடிதம் போடுவார்கள், போடட்டும். குதிரை தண்ணீர் குடிக்கிறது. புதரில் சலசலப்பு. ஓலையைப் பறிக்க வந்த ஒருவன் அங்கே பதுங்கியிருக்கிறான். அவன் யார் என்று எனக்கே இன்னும் தெரியாது. கீரை உருவி முடித்ததும் அவளைக் கேட்க வேண்டும்.