கணக்கை மூடினால் உறவும் மூடுமா?

கேள்வி: பேஸ்புக் கணக்கை மூடிவிட்டேன். “எங்க மேல என்ன கோபம்?” என்று சித்தி கேட்கிறார். நெருங்கிய தோழி வீட்டுக் கல்யாணமே எனக்குத் தெரியாமல் போனது. மறுபடியும் சேர்ந்துவிடட்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சித்தி கோபித்தது நல்ல சேதி, நீங்கள் இல்லாததைக் கவனிக்க ஓர் ஆள் இருக்கிறார்! பந்தியில் பாதியில் எழுந்தால் பரிமாறியவருக்கு வருத்தம் வரத்தானே செய்யும்? காரணத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். தோழியும் உங்களை ஒதுக்கவில்லை. ஒரு பதிவு போட்டதும் ஊருக்கே சொல்லியாயிற்று என்று நினைத்திருப்பார். நேரில் போய் மணமக்களை வாழ்த்துங்கள்.

மறுபடியும் சேர்வதற்கு முன் இதைக் கேளுங்கள். 2018-இல் அமெரிக்க இடைக்காலத் தேர்தலையொட்டி, ஸ்டான்ஃபோர்டு, நியூயார்க் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள், பேஸ்புக் பயன்படுத்துவோர் பலருக்குப் பணம் கொடுத்து, நான்கு வாரம் அதை விட்டு விலக வைத்தார்கள். நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. குடும்பத்தோடும் நண்பர்களோடும் கழித்த நேரம் கூடியது. மனநிறைவும் சற்று உயர்ந்தது. நாட்டு நடப்பு பற்றிய அறிவு மட்டும் குறைந்தது. அதற்குத்தான் செய்தித்தாள் இருக்கிறதே!

கணக்கை நிரந்தரமாக நீக்கச் சொல்லியிருந்தாலும் 30 நாளுக்குள் மனம் மாறலாம். ஆனால் அவசரப்படாதீர்கள். வேண்டியவர்களின் பிறந்தநாளை டைரியில் குறியுங்கள், உங்கள் எண்ணைக் கொடுங்கள், நீங்களே முதலில் கூப்பிடுங்கள். லைக் போட ஒரு நொடி போதும். சித்தியிடம் பேச அரை மணி நேரமாவது வேண்டும். அது இப்போது உங்கள் கையில் இருக்கிறது.