பொறு மாப்ள

போன் வாங்கப் போகிறேன் என்று இவர் காதில் விழும்படி சொன்னீர்களோ, தொலைந்தது. அன்றைக்கு நீங்கள் போன் வாங்கப் போவதில்லை. அந்த வருஷமே வாங்குவது சந்தேகம். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தபடி, "என்ன மாடல்?" என்பார். நீங்கள் எந்த மாடலைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான். "பொறு மாப்ள."

இவரை அத்தான் என்றே வைத்துக்கொள்வோம். எனக்கும் பாளையங்கோட்டையில் ஒரு அத்தான் இருக்கிறார் என்பதற்கும் இந்தக் கட்டுரைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அக்கா கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

2008 ஆகஸ்டில் ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தது. ஏர்டெல், வோடஃபோன் இரண்டும் விற்றன. 8 ஜிபி 31,000 ரூபாய். அத்தானுக்கு அதை வாங்கும் உத்தேசம் சொப்பனத்தில்கூட இல்லை. ஆனாலும் அதைத் தான் வாங்காமல் இருக்கிற விஷயத்தை மாசக்கணக்கில் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "அமெரிக்காவுல 199 டாலர். நமக்கு மட்டும் முப்பத்தோராயிரமா?" அங்கே ரெண்டு வருஷத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டு மாசாமாசம் கறந்துவிடுகிறார்கள் அத்தான் என்றேன். "அதை விடு. இதுல காப்பி பேஸ்ட் கிடையாது. வீடியோ எடுக்காது. புளூடூத்துல ஒரு பாட்டு அனுப்ப முடியாது. எங்கிட்ட டார்ச்சாவது இருக்குலா!"

சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. இந்த ஆளிடம் பெரிய தொந்தரவே அதுதான். டார்ச்சும் நிஜம். அவரிடம் இருந்தது நோக்கியா 1100. 'சி' பட்டனை அழுத்திப் பிடித்தால் தலையில் வெளிச்சம் வரும். பின்மூடி கழன்று விழாமலிருக்க ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். அந்த டார்ச்சைக் கடைக்காரன் முகத்தில் அடித்துக்கொண்டுதான் இருபதாயிரம் ரூபாய் போனில் குற்றம் கண்டுபிடிப்பார்.

பொறுப்பதற்கு அவரிடம் ஒரு பஞ்சாங்கமே இருந்தது. தை பிறந்ததும் பொங்கல் ஆஃபர் முடிந்துவிடும், இனி வாங்குகிறவன் ஏமாளி. மாசியில் பட்ஜெட் வரும், வரியைக் குறைத்தாலும் குறைப்பான். சித்திரை வைகாசியில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு. ஆனியில் வாங்கினால் ஆடித் தள்ளுபடி போச்சு. ஆடி வந்ததும், ஆடியில் யாராவது புதுச் சாமான் வாங்குவார்களா என்பார். ஆவணி, புரட்டாசி இரண்டும் தீபாவளிக்காகக் காத்திருக்கிற மாசங்கள். தீபாவளிக்குக் கூட்டம், நிதானமாகப் பார்க்க முடியாது. கார்த்திகை மழையில் டவர் எப்படி எடுக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். மார்கழியில் கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிடுவான். அப்புறம் தை.

ஆண்ட்ராய்டு வந்த பிறகு நிலைமை இன்னும் முற்றியது. கூகுள்காரன் அப்போது ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஒரு தின்பண்டத்தின் பேரை வைத்துக்கொண்டிருந்தான் அல்லவா? 2009இல் எச்டிசி மேஜிக் இங்கே விற்பனைக்கு வந்தபோது அதில் கப்கேக். அத்தான் டோனட்டுக்காகப் பொறுக்கச் சொன்னார். டோனட் வந்த சூட்டோடு எக்லேர் என்றார்கள், அதற்காகப் பொறுத்தோம். 2010இல் ஃப்ரோயோ, அந்த வருஷக் கடைசியில் ஜிஞ்சர்பிரெட். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற மனுஷன், டீயில் அரைக் கரண்டி சீனி போட்டால் அக்காவிடம் சண்டைக்குப் போகிறவர், ஒரு முழு பேக்கரியையும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தே தீர்த்தார். ஒன்றையும் வாயில் வைக்கவில்லை.

போனுக்கே இப்படி என்றால் சிம்முக்குக் கேட்க வேண்டாம். 2009 ஜூனில் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று இறங்கியதும், ஊரே நிமிஷக் கணக்கை விட்டுவிட்டு நொடிக் கணக்குக்குப் போனது. அத்தான் போகவில்லை. "இன்னும் இறங்கும்லா." பி.எஸ்.என்.எல். அந்த வருஷமே 3ஜி தொடங்கியது. "பிரைவேட்காரன் வரட்டும், போட்டி வந்தாத்தான் விலை உடையும்." அடுத்த வருஷம் ஏலம் விட்டார்கள். ஏப்ரலில் ஆரம்பித்து மே வரை 34 நாள், 183 சுற்று. மற்றவர்கள் ஐ.பி.எல். ஸ்கோர் கேட்ட நாட்களில் இவர் ஏலத்தின் ஸ்கோரைக் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டை ஏர்டெல், வோடஃபோன், ஏர்செல் மூன்றும் எடுத்தன என்று தெரிந்த அன்று ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு மிஸ்டு கால். பதறிப்போய்த் திரும்பக் கூப்பிட்டேன். "இவ்வளவு கோடி கொட்டிருக்கான், நம்ம தலையிலதான் கட்டுவான். ஒரு வருஷம் பொறு மாப்ள." கால் காசு என்னுடையது.

இதற்கு நடுவில் சிக்னல் பரீட்சை. அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதோடு சிம்மையும் கழற்ற வேண்டும். வலது கைப் பெருவிரல் நகத்தால் உங்கள் போனின் முதுகைத் திறந்து, பேட்டரியைப் பெயர்த்து, சிம்மை உருவித் தன் போனில் போட்டு, அது உயிர் பெறும் வரை வாசலைப் பார்த்து நிற்பார். பிறகு ஊர்வலம் கிளம்பும். அடுப்படி, கிணற்றடி, தட்டட்டி, கக்கூஸ். ஒவ்வொரு இடத்திலும் போனைத் தலைக்கு மேலே, இடுப்புப் பக்கம், சுவர் ஓரம் என்று பிடித்து, கோடுகளை எண்ணி, 80 பக்க நோட்டில் எழுதுவார். 'கிணற்றடி 4. அடுப்படி 1. அடுப்படி (ஜன்னல் திறந்து) 2.' ஒரு தடவை என் சிம் அவர் போனில் இருந்தபோது என் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். "லைன் டெஸ்டிங்ல இருக்கு, பத்து நிமிஷம் பொறுத்துக் கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார் அத்தான். ஒரு வாரம் கழித்து மேனேஜர் என்னிடம், அந்த டெலிபோன் டிபார்ட்மெண்ட் ஆள் ரொம்ப மரியாதையாகப் பேசினார் என்றார்.

2011 ஜனவரி 20ஆம் தேதி நாடு முழுக்க நம்பரை மாற்றாமலே கம்பெனி மாறலாம் என்று வந்தபோது, அந்தத் தெருவுக்கு இவர்தான் ஆபீஸ். 1900க்கு போர்ட் என்று எஸ்எம்எஸ் அனுப்பத் தெரியாத பெரியவர்கள் எல்லாம் திண்ணைக்கு வந்தார்கள். பொடி எழுத்தில் வரும் அந்த எட்டெழுத்துக் குறியீட்டைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்து, பாரம் நிரப்பி, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுத்து, கட்டணம் 19 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா கொடுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புவார். பழைய பில் பாக்கியைக் கட்டாமல் தாண்ட முடியாது, மாறினால் 90 நாள் அங்கேயே கிடக்கணும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவருக்காக வெயிலில் மூன்று தடவை கடைக்கு நடந்தார். தமது நோட்டைப் பார்த்து, "உங்க வீட்டுப் பக்கம் இதுதான் எடுக்கும் சார்" என்று அவர் சொன்னது எல்லாருக்கும் சரியாகவே இருந்தது. அன்றைக்கு மட்டும் அவர் யாரையும் பொறுக்கச் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ள முடியாத மனுஷன்.

ஆனால் அக்காவின் போனை நினைத்தால் கோபம் வருகிறது. அதில் 5 என்ற பட்டன் தேய்ந்துபோய் பேனா மூடியால் குத்தவேண்டும். காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கர் போட்டால்தான் பேச்சு. பெற்ற தாயிடம் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாமல், மாமியார் உட்கார்ந்திருக்கும் அதே பட்டாசாலையில் ஊருக்கே கேட்கிற மாதிரி 'நல்லா இருக்கோம்' என்று மட்டும் ரெண்டு வருஷம் சொன்னாள். கேட்டபோதெல்லாம் "பொறுட்டி, நல்லதா வாங்கித் தாரேன்." இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. காத்திருக்க ஆசைப்பட்டவர் கையில் நல்ல போன் இருந்தது, டார்ச்சோடு. காத்திருந்தது அவள். அவர் காசை மிச்சம் பிடித்தது அவள் காதில்.

2012 பொங்கலுக்குச் சீட்டு விழுந்தது. அக்கா யாரிடமும் சொல்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஜங்ஷனுக்குப் போய் ஒரு கடையில் சாம்சங் கேலக்ஸி ஒய் வாங்கிவிட்டாள். எட்டாயிரத்துக்குள் முடிந்தது. அரை மணி நேரம், அதிலும் பாதி கவர் நிறத்துக்கு. எந்த சிம் என்று கடைப் பையன் கேட்டதற்கு, எங்கள் தெரு மளிகைக் கடையில் எதற்கு ரீசார்ஜ் போடுகிறார்களோ அதைக் கொடு என்றாளாம்.

அத்தான் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் முதுகைத் திறந்தார், மூடினார். "ஜிஞ்சர்பிரெட். அங்க ஐஸ்கிரீம் சாண்ட்விச்சே வந்தாச்சு. ரெண்டு மாசம் பொறுத்திருந்தா இதுவே குறையும்." குறைந்தது. அந்த விளம்பரத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி பிரிட்ஜ் மேல் ஒட்டினார்.

இப்போது சாப்பாடு முடிந்ததும் அக்காவின் போன் அவர் கைக்குப் போய்விடும். அடுத்து வரப்போகிற போன்களின் விமர்சனத்தையெல்லாம் பாதி ராத்திரி வரை அதில்தான் படிக்கிறார். மாசம் இருபதாம் தேதி தாண்டுவதற்குள் நெட் பேக் காலி. ரீசார்ஜுக்குக் காசு கொடுங்க என்று அக்கா கேட்டால், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொல்கிறார்: "பொறுட்டி, மாசக் கடைசியில ஆஃபர் போடுவான்."