லைசென்ஸ் ரிப்போர்ட்டுக்கு ஒரு புகழ்மாலை

ஸ்ரீரங்கத்து மடைப்பள்ளியில் வேலை பார்த்தவர், திருவானைக்காவில் அகிலாண்டேஸ்வரியின் அருளால் கவியானார் என்று காளமேகத்தைப் பற்றி எங்கள் திருச்சியில் கதை உண்டு. சாமியையே ஏசுவதுபோல் புகழ்ந்தவர் அவர். இன்று இருந்திருந்தால், நவல்பட்டு எல்காட் பூங்காவில் நைட் ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகளின் சார்பில், லைசென்ஸ் யூசேஜ் ரிப்போர்ட்டே, உம்மைத்தான் பாடியிருப்பார். அந்தக் கடனை நான் உரைநடையில் தீர்க்கிறேன்.

சர்வர்கள் எழுதித் தள்ளும் லாக் அத்தனையையும் வாங்கி வைத்து, கேட்டதும் தேடித் தருகிறது ஸ்ப்ளங்க் என்ற மென்பொருள். ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்று விலை பேசி லைசென்ஸ் வாங்குவது அதன் வழக்கங்களில் ஒன்று. பேசிய அளவுக்குள் இருக்கிறோமா, தாண்டிவிட்டோமா என்று தீர்ப்புச் சொல்பவர் நீர்.

முதலில் உமது பஞ்சாங்க ஞானத்தைப் போற்றுகிறேன். லைசென்ஸ் சர்வரின் கடிகாரத்தில் நள்ளிரவு அடிப்பதே உமக்கு நாள் மாறும் வேளை. அந்தக் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடினால், திருச்சியில் காலை 5.30 மணிக்குத்தான் உமது நாள் பிறக்கிறது. வைகுண்ட ஏகாதசியன்று 4.45 மணிக்கு ஒரு முன்பதிவுத் தளத்தில் லாக் குவிந்தால், அத்தனையையும் தசமியின் தலையில் எழுதுகிறீர். ‘ஏகாதசிக் கூட்டத்துக்கு எவ்வளவு ஆச்சு?’ என்று மேனேஜர் கேட்க, ‘நேத்துக் கணக்கைப் பாருங்க சார்’ என்று பதில் சொல்லும் பாக்கியத்தை எங்களுக்கு அருளியவர் நீர்தானே!

உமது விரதம் அதைவிடக் கடுமை. நாள் முழுக்கச் சேர்ந்ததை நள்ளிரவில் சுருக்க வரியாக எழுதுவீர். அந்த நேரம் பார்த்து லைசென்ஸ் சர்வர் மின்வெட்டிலோ பராமரிப்பிலோ நின்றிருந்தால், அந்த வரி எழுதப்படாது. பழைய நாட்களின் பட்டியலில் அன்றைய தேதிக்குக் கணக்கே இராது. பகலெல்லாம் லாக் வந்திருக்கும். ஆனால் நேரம் தவறிய நாளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டீர். இந்த வைராக்கியம் யாருக்கு வரும்?

உமது நாகரிகமோ பெரிது. எந்த மெஷின், எந்தக் கோப்பு என்ற சேர்க்கைகள் 2,000ஐத் தாண்டினால், மெஷின் பெயரையும் கோப்பின் பெயரையும் வெற்றிடமாக்கிவிடுகிறீர். மொத்தம் மாறாது, யாரால் ஏறியது என்பது மட்டும் தெரியாது. லாக்கை ஆறாக ஓடவிட்ட சர்வரின் மானத்தைக் காப்பாற்றுகிறீர்; அதைத் தேடி இரவெல்லாம் கண் விழிப்பவருக்குப் பொறுமையைக் கற்றுத் தருகிறீர்.

சண்டை மூட்டாமல் சண்டை வரவழைக்கவும் உம்மால் முடிகிறது. லாக் உள்ளே வரும்போது சுருக்காத அளவையே நீர் பிடிக்கிறீர். டிஸ்கில் அது சுருங்கி, இண்டெக்ஸோடு சேர்த்தும் ஏறக்குறையப் பாதியாகத்தான் இருக்கும். டிஸ்கைப் பார்த்தவர் 50 ஜிபி என்கிறார், உம்மைப் பார்த்தவர் 100 என்கிறார். மெட்ரிக்ஸ் லாக் என்ற உமது தம்பியைக் கேட்டவருக்கோ இன்னொரு தொகை. அவர் 30 விநாடிக்கு ஒருமுறை, அதிகம் லாக் தந்த முதல் 10 பேரை மட்டும் எழுதிக்கொள்பவர். மூவர் சொல்வதும் உண்மை, மூவரும் பொய்யர்.

உமது தமிழ்ப்பற்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். லாக்கில் ‘திருச்சி’ என்று வந்தால் நமக்கு அது 4 எழுத்து. நீளம் என்ன என்று தேடலில் கேட்டால் குறியீடுகளை எண்ணி 8 என்று வரும். நீரோ பைட்டில் எடை போட்டு 24 என்று வைத்துக்கொள்கிறீர். தமிழுக்கு இத்தனை மதிப்புக் கொடுப்பவர் தமிழ்நாட்டிலேயே உண்டா?

எல்லாவற்றுக்கும் மேலானது உமது கருணை. இப்போதைய பதிப்புகளில், 100 ஜிபிக்குக் குறைந்த லைசென்ஸ் வைத்திருப்பவர் 60 நாளில் 45 முறை அளவைத் தாண்டினால் தேடல் நின்றுவிடும். லாக்கை வாங்கிக்கொள்வது மட்டும் நிற்காது. வரவை மறுக்காமல் வாங்கி, தரிசனத்தை மட்டும் நிறுத்தும் இந்தப் பெருந்தன்மையால், பெரிய லைசென்ஸ் வாங்கும் சக்தியில்லாத சிறிய நிறுவனங்களே அதிகம் பயன்பெறுகின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜனின் ஆட்கள் நெல்லின் அளவைக் கல்லில் பொறித்தபோது, ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்தது என்று மரக்காலின் பெயரையும் சேர்த்துப் பொறித்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மனிதர்கள், பாவம். அளவைச் சொன்னால் அளந்த கருவியையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தார்கள். அந்தச் சிரமத்தையெல்லாம் கடந்தவர் நீர். எந்த ஊர்க் கடிகாரம், சுருக்கியதா சுருக்காததா, எழுத்தா பைட்டா, எந்த நாள் விடுபட்டது என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே போட்டால் நாலு வரிதான் ஆகும். அந்த நாலு வரியும் கையேடுகளில், தேடினால் கிடைக்கும் இடத்தில், பத்திரமாகத்தான் இருக்கின்றன.

உம்மைத் தப்பென்று எவரும் சொல்ல முடியாது. நீர் காட்டும் எண் ஒவ்வொன்றும் சரி. ஆனால், அந்தச் சரியான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, மாதக் கடைசி மீட்டிங்கில் ‘கணக்கு ஏன் இடிக்குது?’ என்ற கேள்விக்கு எழுந்து நிற்பவர் நீர் அல்ல. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு பிள்ளை. தான் கொஞ்சமும் தவறாமல், தவறு செய்தவரைப்போல் இன்னொருவரைத் தலைகுனிய வைக்கும் அந்த ஒப்பற்ற நேர்மைக்காக, ரிப்போர்ட்டே, நீர் நீடூழி வாழ்க.