ஆத்துப் பேரையே மாத்துன படம்

வா மாப்ளே, உக்காரு. சண்டைப் படம் எடுக்கப் போறியாமே! ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ மாதிரி அச்சு அசலான சரித்திரமா இருக்கணும்னு ஒங்கம்மாகிட்டச் சொன்னியாம். ஏழு ஆஸ்கார் வாங்குன படம், நானுந்தான் பாத்தேன். அதுல எது அச்சு, எது அசலுன்னு மாமன் சொல்றேன், அப்பிடியே செஞ்சுரு.

மொதல்ல பாலத்தை நெசமாக் கட்டணும். சயாம்ல நடக்குற கதைக்கு டைரக்டரு டேவிட் லீன் இலங்கையில கிதுல்கலைக்குப் போயி, களனி ஆத்துக்குக் குறுக்க 425 அடி நீளத்துக்கு மரப்பாலம் கட்டுனாரு. ரயிலும் நெசம், இலங்கை ரயில்வேகிட்ட வாங்குனது. 1957 மார்ச்சுல வெடி வைக்கிற அன்னிக்கு, ஒரு கேமராக்காரரு தான் ஒதுங்கிட்டேன்னு சைகை குடுக்க மறந்துட்டாரு. ஆளு மாட்டிக்கிட்டானோன்னு லீன் வெடியை நிறுத்திட்டாரு. ரயிலுக்குத் தெரியுமா? அது பாட்டுக்குப் பாலத்தைத் தாண்டிப் போயி ஜெனரேட்டர்ல முட்டிக்கிச்சு. தூக்கி நிறுத்தி, மறுபடி ஓட்டித்தான் வெடிச்சாங்க. பிரதமர் பண்டாரநாயக்கவே வந்து வேடிக்கை பாத்தாரு.

இம்புட்டு நெசம் போதும். மிச்சமெல்லாம் ஒன் இஷ்டம்.

கதை எழுதுன பியர் பூல் நாவல்ல பாலம் ஒடையவே ஒடையாது. சயாம்ல காஞ்சனபுரியில நெசமா இருந்தது ஒண்ணில்ல, ரெண்டு பாலம்: மரத்துல ஒண்ணு, இரும்புல ஒண்ணு. 1945-ல விமானம் வந்து குண்டு போட்டுச்சு. படத்துல ஜப்பான்காரன்கிட்டக் கைதியா இருக்குற கர்னல், எதிரிக்கு நல்ல பாலம் கட்டிக் குடுக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு பாரு, அந்த எடத்துல நெசமா இருந்தவரு பிலிப் டூசி. அவரு ஆளுக கரையானைப் புடிச்சாந்து பாலத்து மரத்துல விட்டாங்க. கரையானுக்கு என்ன நடிக்கவா தெரியும்? படத்துல அதை வெட்டிட்டாங்க. ஜப்பான்காரனுக்குப் பாலம் கட்டத் தெரியாது, வெள்ளைக்காரன்தான் சொல்லிக் குடுத்தான்னு வேற ஒரு கதை. ஜப்பான்காரன்கிட்டயே தேர்ந்த இஞ்சினியர்மாரு இருந்தாங்க மாப்ளே.

பாலம் நின்ன ஆறு குவாயே இல்ல, மே குளோங். படம் பாத்துட்டு வந்த டூரிஸ்ட்டெல்லாம் ‘குவாய் ஆறு எங்க?’ன்னு கேக்க, தாய்லாந்துக்காரன் 1960கள்ல ஆத்துக்கே பேரை மாத்தி ‘குவே யாய்’ ஆக்கிட்டான். படத்துல தப்புன்னா ஆத்தைத் திருத்துற அளவுக்கு எடுக்கணும், அதுதான் கெட்டிக்காரத்தனம்.

திரைக்கதைக்கு ஆஸ்கார் வாங்குனது பூல். அவரு அதுல ஒரு வரி எழுதல. எழுதுன கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கம்யூனிஸ்டுன்னு ஒதுக்கப்பட்டவங்க. அதனால பேரு போடல. ரெண்டு பேரும் போய்ச் சேந்த பெறகு விருது குடுத்தாங்க. ஒன் அசிஸ்டெண்டுகளுக்கு இதைச் சொல்லாதே.

கடைசியா, கூட்டம். அந்தப் பாலம் வழியா ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் ரோட்டுல வேலை செஞ்ச வெள்ளைக்காரக் கைதிக அறுபதாயிரத்துச் சொச்சம், செத்தது பன்னெண்டாயிரத்துக்கு மேல. ஆசியாக்காரக் கூலிக ரெண்டு லட்சத்துக்குக் கிட்ட, அதுல பாதிப்பேரு செத்திருப்பாங்கன்னு கணக்குச் சொல்றாங்க. மலாயாவுல பால்மரம் வெட்டிக்கிட்டு இருந்த நம்ம சனம் அதுல எத்தனை ஆயிரமோ! பூலும் மலாயா ரப்பர் தோட்டத்துல உத்தியோகம் பாத்தவருதான். ஆனா படத்துல தோட்டத்துச் சனம் ஒருத்தரும் இல்ல.

நீயும் அந்தத் தொந்தரவை வச்சுக்காதே. லட்சம் பேருக்குச் சோறு போட்டே தயாரிப்பாளரு தெருவுக்கு வந்துருவாரு. காலரா, மண்ணரிச்ச கூலி லயம், பேரில்லாத குழின்னு காட்டுனா எந்த ஊரு தியேட்டர்ல டிக்கெட் விக்கும்? சிப்பாய்க சீட்டியடிச்சுக்கிட்டு நடந்து வர்றாங்கள்ல, அதை மட்டும் விட்டுறாதே. எழுவது வருசமா சனம் அந்த மெட்டைத்தான் முணுமுணுத்துக்கிட்டுத் திரியுது. சொல்லு, எப்பப் பூசை?