கடுவன் பூனையின் சார்பில் ஒரு விண்ணப்பம்

மகாகனம் பொருந்திய இந்தியப் பிராணிகள் நல வாரியத்தாரின் சமூகத்துக்குச் சென்னைப் பட்டணத்துப் பிரஜை ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது.

1962-ல் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு தோன்றி, வெகுகாலம் இந்த ஊரிலேயே கொலுவிருந்த தாங்கள், 2018-ல் ஹரியானாவிலுள்ள பல்லப்கருக்கு ஜாகை மாற்றிக்கொண்டு போய்விட்டபடியால், நேரில் தரிசித்து முறையிடும் பாக்கியமின்றிக் கடிதம் எழுத நேர்ந்தது. அம்மையாரின் முயற்சியால் 1960-ல் பிறந்த பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 9-வது பிரிவு, பிராணிகளின் ஆஸ்பத்திரிகளுக்குப் பண உதவி செய்வதையும் தங்கள் காரியங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. 11-வது பிரிவோ, பட்டினியால் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிட்டுப் போகிறவனுக்கு முதல் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மேற்படாமலும் அபராதம் விதிக்கிறது. அரிசி விலையும் தங்க விலையும் எங்கேயோ போய்விட்ட இந்த யுகத்திலும் அந்த ஐம்பது ரூபாய் மட்டும் ஸ்திதப்பிரக்ஞனாக அசையாது நிற்பதைக் கண்டு நான் வியக்காத நாளில்லை. அந்தத் தொகைக்கு வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி வரை ஆட்டோக்காரர் வரமாட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெரு மாடி வீட்டார் காலி செய்துகொண்டு போனபோது கட்டில், பீரோ, துளசிமாடம் முதலியவற்றை ஏற்றிக்கொண்டு, தங்கள் கடுவன் பூனையை மாத்திரம் இறக்கிவிட்டுப் போனார்கள். இட்லிக்கடை அம்மாள் அதை எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு நாள் அதற்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. கடுவனின் மூத்திரத் தாரை மிகக் குறுகலானது. மணல் போன்ற உப்புத் துகள்கள் வந்து அதை அடைத்துக்கொண்டால், மண்தொட்டியில் மறுபடி மறுபடி போய்க் குந்தி முக்கி முனகும் பூனையைப் பார்த்து, மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டுகிறவர்களும் உண்டு. அடைப்பு நீங்காவிட்டால், பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி ஹிருதயத்தை நிறுத்திவிட இரண்டு மூன்று நாள் போதும். காலத்தில் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி, சில நாள் டிரிப் ஏற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

தங்கள் மானியம் அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனங்களுக்கு, தணிக்கை செய்த கணக்குகளின் பேரில் வழங்கப்படுவது என்று அறிந்து, அன்றிரவே அந்தக் கடுவனை அணுகி, உடனே ஒரு சங்கமாகப் பதிவு செய்துகொண்டு, பொக்கிஷதார் ஒருவரை நியமித்து, ஆடிட்டர் கையொப்பத்துடன் மனுச்செய்து, மஞ்சூர் உத்தரவு வரும் வரையில் இந்த உபாதையைச் சற்று ஒத்திவைக்கும்படி யோசனை சொன்னேன். அது காதைக்கூட அசைக்கவில்லை. பூனை ஜாதிக்குச் சர்க்கார் நடைமுறைகளில் மரியாதை குறைவு என்பது என் வெகுநாளைய அபிப்பிராயம்.

முடிவில் சிகிச்சைச் செலவுக்காக அம்மாள் தன் கம்மலை அடகுக்கடையில் வைத்தாள். இட்லி வாங்க வந்தவர்கள் கைபேசி வழியே நூறும் இருநூறும் அனுப்பினார்கள். மீதியை டாக்டர் தம் கடன் நோட்டில் எழுதிக்கொண்டார். இவர்கள் எல்லாரும் கூடிய இந்த வாரியத்துக்குக் கட்டிடமில்லை, முத்திரையில்லை, நிதியாண்டுமில்லை. எனினும் அது ஒரே இரவில் கூடி, விவாதித்து, பணத்தையும் பட்டுவாடா செய்துவிட்டது. பொறாமைப்படாதீர்கள்.

தாங்கள் மனம் வைத்தால், கேட்பாரற்ற பிராணிகளின் அவசர சிகிச்சைக்கென்று ஊர்தோறும் ஓர் ஆஸ்பத்திரியில் சிறு நிதி ஒன்றை முன்கூட்டியே ஒப்படைத்து, வைத்தியரின் கையொப்பமே அன்றிரவுக்குப் போதுமென்றும், ரசீதுகளைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாமென்றும் உத்தரவிடலாம். பணம் ஆஸ்பத்திரிக்கே போவதால், தூக்கிவந்தவள் பூனையைக் காட்டிப் பிழைக்கிறாளோ என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. அந்த ஐம்பது ரூபாயையும் ஒரு நாள் சிகிச்சைச் செலவுக்காவது சமமாக உயர்த்தும்படி சர்க்காருக்குச் சிபாரிசு செய்யலாம்.

ஆடிட்டர் சான்றிதழ் கைவசமில்லாத காரணத்தால், அடகுச் சீட்டின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். வட்டி ஓடிக்கொண்டிருப்பதால் சீக்கிரம் பதில் எழுதக் கோருகிறேன்.