கட்சித் தாவலும் தனித்து நிற்றலும்: ஓர் அளவையியல் ஆய்வு

அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றிய நூல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கட்சி மாறிப் பழகிய ஓர் அரசியல்வாதி, எந்தக் கட்சியும் வேண்டாமென்று சுயேச்சையாக அதிபர் தேர்தலில் நிற்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்ற வினாவுக்கு அறிவுலகம் உரிய மரியாதை தரவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதனால் வேறு பயன் ஏதும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது ஆய்வு நேர்மை.

அளக்க வேண்டுமானால் அலகு வேண்டும். வெப்பத்துக்கு செல்சியஸ் உண்டு, மின்னோட்டத்துக்கு ஆம்பியர் உண்டு; கட்சித் தாவலுக்கு இதுவரை எதுவும் இல்லை. எனவே ‘சேஃபி’ என்ற அலகை முன்மொழிகிறேன். ஒருவர் ஒரு முகாமை விட்டு இன்னொன்றுக்குப் போனால் ஒரு சேஃபி. கட்சியை விட்டுச் சும்மா இருந்தாலும் ஒரு சேஃபி. புறப்பட்ட இடத்துக்கே திரும்பினாலும் தள்ளுபடி கிடையாது.

பெயருக்கு உரியவர் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் லிங்கன் சேஃபி. பிரௌன் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, லத்தீன் செவ்விலக்கியம் படித்துவிட்டு, மான்டானா போய்க் குதிரைக்கு லாடம் அடிக்கக் கற்றுக்கொண்டு, ஏழாண்டு பந்தயத் திடல்களில் அதையே தொழிலாகச் செய்தவர். 1999-ல் தந்தை ஜான் சேஃபி இறந்ததும் அவருடைய செனட் இடத்தில் நியமிக்கப்பட்டார். அப்போது குடியரசுக் கட்சி. 2002-ல் ஈராக் போர்த் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த ஒரே குடியரசுக் கட்சி செனட்டர் இவர்தான். 2004-ல் தன் கட்சி அதிபரான மகன் புஷ்ஷுக்கு வாக்களிக்க மனமில்லாமல், போட்டியிலேயே இல்லாத அப்பா புஷ்ஷின் பெயரைச் சீட்டில் எழுதிப் போட்டுவிட்டு வந்தார். இப்படிப்பட்டவர் ஒரே இடத்தில் நிலைத்திருப்பார் என்று எதிர்பார்த்தவர்களைத்தான் குறை சொல்ல வேண்டும்.

2006-ல் தோற்றார், 2007-ல் கட்சியை விட்டார். 2010-ல் சுயேச்சையாக நின்று ஆளுநராகவே ஆகிவிட்டார். 2013-ல் ஜனநாயகக் கட்சி. 2015 ஜூனில் அக்கட்சியின் அதிபர் வேட்பாளர் பதவிக்குப் போட்டியிடுவதாக அறிவித்தபோது, அமெரிக்கா மெட்ரிக் அளவைமுறைக்கு மாற வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அளவைமுறைக்காக அரசியல் களத்தில் இவ்வளவு துணிந்தவரின் பெயரை ஓர் அலகுக்கு வைப்பது நன்றிக்கடனும் ஆகும். அக்டோபரில் விலகினார். 2019-ல் லிபர்டேரியன் கட்சி. 2020 ஜனவரியில் அங்கும் அதிபர் வேட்பாளர் ஆசை, ஏப்ரலில் அங்கும் விலகல். மொத்தம் மூன்று சேஃபி.

இங்கே ஆய்வாளர் கவனிக்க வேண்டியது ஒன்று. சேஃபி சுயேச்சையாக இருந்த ஆண்டுகளில் அதிபர் தேர்தல்கள் வந்துபோயின. அவருக்கு ஆசை வரவில்லை. ஆசை வந்த இரண்டு முறையும் அவர் சுயேச்சையாக இல்லை. இது தற்செயலா, இயற்கை விதியா?

நியூயார்க் மேயராக இருந்த மைக்கேல் புளூம்பெர்க்கையும் மூன்று சேஃபி என்று கணக்கிடலாம். ஜனநாயகக் கட்சியிலிருந்து 2001-ல் குடியரசுக் கட்சி, 2007-ல் சுயேச்சை, 2018-ல் பழையபடி ஜனநாயகக் கட்சி. சுயேச்சையாக இருந்த காலத்தில் 2008-க்கும் 2016-க்கும் யோசித்து யோசித்து, இரண்டு முறையும் வேண்டாமென்று விட்டார். கட்சிக்குத் திரும்பிய பிறகு 2020-ல் நின்று, நூறு கோடி டாலருக்குச் சற்று மேலே செலவழித்து, உட்கட்சித் தேர்தல்களில் அமெரிக்கன் சமோவா என்ற தீவுப் பிரதேசத்தை வென்றார். வேறெங்கும் வெல்லவில்லை. மேற்கு வர்ஜீனியா செனட்டர் ஜோ மான்சின் 2024 மே கடைசியில் ஜனநாயகக் கட்சியை விட்டுச் சுயேச்சையானார். ஜூலையில் பைடன் போட்டியிலிருந்து விலகியதும், மான்சின் களமிறங்க யோசிக்கிறார் என்று செய்தி வந்தது. எப்படி? மறுபடி ஜனநாயகக் கட்சியில் சேர்ந்து! மறுநாளே இல்லை என்றார்.

டொனால்ட் டிரம்ப்பின் கணக்கு இவர்கள் எல்லோரையும் மிஞ்சும். 1987-ல் குடியரசுக் கட்சி, 1999-ல் சீர்திருத்தக் கட்சிப் பக்கம், 2001-ல் ஜனநாயகக் கட்சி, 2009-ல் குடியரசு, 2011-ல் கட்சியே இல்லை, 2012-ல் மறுபடி குடியரசு. ஐந்து சேஃபி. இருந்தும் அலகின் பெயரை மாற்றுவதாக இல்லை. அவர் பெயர் ஏற்கெனவே போதுமான கட்டடங்களில் இருக்கிறது.

ஆக, வாய்ப்பு என்பது ஆசையையும் சுயேச்சை நிலையையும் பெருக்கி வரும் தொகை. இரண்டில் ஒன்று பெரும்பாலும் பூஜ்ஜியம்.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். இந்தியாவில் 1985 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் அப்படி ஒன்று இல்லை. 2001-ல் செனட்டர் ஜிம் ஜெஃபோர்ட்ஸ் குடியரசுக் கட்சியை விட்டபோது செனட் பெரும்பான்மையே கைமாறியது, அவருக்கு ஒரு குழுத் தலைமையும் கிடைத்தது. தாவுகிறவர் கட்சி வேண்டாதவர் அல்லர். கட்சி இல்லாமல் வாழத் தெரியாதவர். அப்படிப்பட்டவரைத் தெருவில் நின்று கையெழுத்து வாங்கச் சொன்னால்? சுயேச்சை வேட்பாளரின் பெயர் சீட்டில் வர டென்னசியில் 275 கையெழுத்து போதும்; கலிபோர்னியாவில் இரண்டு லட்சத்துக்கு மேல். லூசியானாவில் ஐந்நூறு டாலர் கட்டினால் வேலை முடிந்தது. டெக்சாஸில் அந்த ஆண்டு பெரிய கட்சிகளின் உட்கட்சித் தேர்தலில் வாக்களித்தவர் கையெழுத்துப் போடவே கூடாது. ஐம்பது மாநிலத்துக்கு ஐம்பது சட்டம். 1980-ல் குடியரசுக் கட்சியை விட்டுச் சுயேச்சையாக நின்ற ஜான் ஆண்டர்சன், மார்ச் மாதமே மனுத்தாக்கலை முடித்துவிடும் ஒஹாயோ சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். தீர்ப்பு வந்தது 1983-ல். தேர்தலில் அவருக்குக் கிடைத்தது 6.6 சதவீதம், தேர்வாளர் குழுவில் ஒரு வாக்கும் இல்லை.

மறுப்பாளர்கள் ராபர்ட் கென்னடி ஜூனியரைக் காட்டுவார்கள். அவர் 2023 அக்டோபரில் சுயேச்சை என்று அறிவித்து, 2024 ஆகஸ்ட் வரை தாக்குப்பிடித்தார். ஆனால் சுயேச்சை வேட்பாளரான அவருக்கே மிச்சிகனில் இயற்கை விதிக் கட்சியும் கலிபோர்னியாவில் அமெரிக்கச் சுயேச்சைக் கட்சியும் இடம் தர வேண்டியிருந்தது. டிரம்ப்பை ஆதரித்து ஒதுங்கிய பிறகு மிச்சிகன் சீட்டிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லி வழக்குப் போட்டார், எடுக்க முடியவில்லை. உள்ளே நுழையவும் சட்டம், வெளியேறவும் சட்டம்.

ஆசையும் சுயேச்சை நிலையும் ஒரே சமயத்தில் ஒரே ஆளிடம் முழுமையாகக் கூடியது என்றால் அது ஜான் டைலரிடம்தான். ஜனநாயகக் கட்சியிலிருந்து விக் கட்சிக்குப் போய்த் துணை அதிபரானார். 1841-ல் அதிபர் ஹாரிசன் பதவியேற்ற ஒரு மாதத்தில் இறக்க, அதிபரானார். அதே ஆண்டு செப்டம்பரில் விக் கட்சி இவரை வெளியேற்றியது. வெள்ளை மாளிகையில் கட்சி இல்லாத அதிபர், அடுத்த தேர்தலிலும் நிற்க ஆசை. இதைவிடத் தோதான சூழல் வேண்டுமா? டைலர் என்ன செய்தார்? 1844-ல் தனக்கென்று ஒரு கட்சி தொடங்கினார். ஆகஸ்டில் போட்டியிலிருந்தும் விலகினார். 1861-ல் பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இருக்கையில் அமரும் முன் 1862 ஜனவரியில் காலமானார். நாடே மாறுவதற்கு எத்தனை சேஃபி என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.