திரும்பி வருவேன் என்பதற்கு அத்தாட்சி

குற்றாலத்து லாட்ஜுகளில் அந்தக் காலத்தில் ஒரு நீளப் பேரேடு இருக்கும். பெயர், தகப்பனார் பெயர், எங்கிருந்து வருகிறீர், எங்கே போகிறீர், வந்த காரியம் என்று கோடு போட்ட பக்கங்கள். போலீஸ் கேட்டால் காட்டுவதற்கு. வந்த காரியம் என்ற கட்டத்தில் பாதிப் பேர் ‘சொந்த வேலை’ என்று எழுதுவார்கள். இடுப்பில் துண்டும் தலையில் எண்ணெயுமாக நிற்பவருக்கு அருவிக்கரையில் அப்படி என்ன சொந்த வேலை என்று எந்த மேனேஜரும் கேட்டதில்லை. எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு. திருநெல்வேலியில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் நடத்திய ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வந்து தங்கியவர், 1954-ல் காலமாகும்வரை அங்கேதான் இருந்தார். ஊருக்குத் திரும்பும் எண்ணம் உண்டா என்று அவரை யாரும் சந்தேகப்படவில்லை.

அவருக்கு முன்பே வந்தவர்கள் வெள்ளைக்காரத் துரைமார். சாரலுக்கு ஆசைப்பட்டுக் குற்றாலத்தில் பங்களா போட்டார்கள். திரும்பும் டிக்கெட் காட்டச் சொல்லி எவரும் கேட்கவில்லை. விளைவு, தேசத்தை விட்டுக் கிளம்ப 1947 ஆகிவிட்டது. 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்று ஐரோப்பா இன்று வைத்திருக்கும் கணக்கை நாம் அன்றே வைத்திருந்தால் பல சிரமங்கள் குறைந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் ‘வெளிநாடு’ என்பது நடந்துபோகும் தூரம்தான். 1956 நவம்பர் வரை செங்கோட்டை நம் மாகாணத்தில் இல்லை; முதலில் திருவிதாங்கூர்ச் சீமை, பிறகு திரு-கொச்சி. தென்காசியில் ரூபாய் அணா, செங்கோட்டையில் சக்கரம். 28½ சக்கரம் கொடுத்தால் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். தபால்கூட அங்கே அஞ்சல் என்று தனி இலாகா. தாத்தா காலையில் செங்கோட்டைக்குப் போய்ப் பெண் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் தென்காசி திரும்பியிருக்கிறார். சவுக்கையில் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, மூட்டையில் புகையிலை இருக்கிறதா என்பது.

கடையநல்லூர்த் தறிக்காரர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனதும் அப்படித்தான், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி. ‘ரஜுலா’ கப்பல் பெயரைச் சொன்னால் அந்த ஊரில் இன்றும் ஏதாவது ஒரு வீட்டில் கதை கிடைக்கும். சுதந்திரத்துக்குப் பிறகுதான் சிக்கல் நம் பக்கமே வந்தது. அன்று பாஸ்போர்ட் என்பது சர்க்கார் மனது வைத்தால் கிடைப்பது. வெளிநாடு போவது குடிமகனின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் சத்வந்த் சிங் வழக்கில் சொன்ன பிறகுதான் அதற்கென ஒரு சட்டமே வந்தது. அப்போதும் கையில் எட்டு டாலருக்கு மேல் கொண்டுபோக விடமாட்டார்கள். அன்று, காசு வைத்திருந்தால் குற்றம். இன்று, காசு இல்லாவிட்டால் குற்றம். நடுவில் ஒரு பத்து வருஷமாவது சும்மா விட்டிருக்கலாம்.

ஐந்தருவி சாலையில் சிப்ஸும் மங்குஸ்தானும் விற்கிற அண்ணாச்சிக்கு ஐரோப்பா பார்க்கும் ஆசை வந்தது சமீபத்தில். ஏஜென்டைப் பிடித்தார். திட்டம் ஸ்விட்சர்லாந்தில் ஆறு இரவு, பாரிஸில் இரண்டு. ஐரோப்பாவின் பொது விசாவான ஷெங்கன் விதிப்படி அதிக நாள் எங்கே தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். நாள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு. ஏஜென்டோ, எந்த நாட்டுக்குச் சீக்கிரம் தேதி கிடைக்கிறதோ அந்த நாட்டுக்குப் போட்டுவிட்டார், அண்ணாச்சி அங்கே காலே வைக்கப்போவதில்லை. அதற்கு ஏற்றாற்போல் ஓட்டல் பதிவும் போட்டு, மனு கொடுத்த மறுநாளே அதை ரத்தும் செய்துவிட்டார்.

வங்கிக் கணக்கில் பணம் தெரிய வேண்டுமே. சீசன் கடைக்காரர் கணக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொழுக்கும், மற்ற மாதம் வாடும். அதை அப்படியே காட்டியிருக்கலாம். அண்ணாச்சி மைனியின் நகையை அடகு வைத்து, மனு போடுவதற்கு முந்தின வாரம் ஏழு லட்சத்தை மொத்தமாகப் போட்டார். பார்க்கிறவன் கண்ணுக்கு முதலில் படுவதே அந்த வரிதான்.

இதிலெல்லாம் பெரிய அநியாயம், அண்ணாச்சி தானாகச் சொன்ன ஒரு நல்ல காரணத்தை ஏஜென்ட் அடித்துவிட்டது. “ஜூன்ல சாரல் விழுந்துரும், மே கடைசிக்குள்ள நான் கடையில இருக்கணும்லா, அதை எழுதும்” என்றிருக்கிறார். “அதெல்லாம் எம்பஸிக்குப் புரியாது அண்ணாச்சி” என்று சொல்லி, எல்லாருக்கும் கொடுக்கிற கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி வைத்தார். அண்ணாச்சி ஆல்ப்ஸ் மலையின் அழகில் சிறுவயது முதல் மனத்தைப் பறிகொடுத்தவராம். 

மறுப்புக் கடிதம் என்பது ஒரு அச்சுத் தாள். கட்டம் கட்டமாகக் காரணங்கள், நமக்குரியதில் ஒரு டிக். விசா முடியுமுன் வெளியேறும் எண்ணம் இருக்கிறதா என்பதில் சந்தேகம் என்ற கட்டத்தில் அண்ணாச்சிக்கு டிக் விழுந்திருந்தது. நாற்பது வருஷமாக ஒரு சீசனைக்கூடத் தவறவிடாத மனிதர். கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. மேல்முறையீடு உண்டு; குறையைச் சரிசெய்து புதிதாகப் போடுவதும் உண்டு. பழைய மறுப்பைக் கேட்டால் மறைக்கக் கூடாது, அவர்கள் கணினியில் அது ஏற்கெனவே இருக்கும். 2024-ல் இந்தியாவிலிருந்து போன சுமார் 11 லட்சம் மனுக்களில் நூற்றுக்குப் பதினைந்து மறுக்கப்பட்டன. அண்ணாச்சிக்குத் துணை நிறைய.

எங்கள் தெருவில் பீடி சுற்றியே மகளை இன்ஜினியர் ஆக்கிய ஒரு அக்கா இருக்கிறார். மகள் மியூனிக்கில். அக்காவுக்கும் சுற்றுலா என்று எழுதி, தங்காத ஓட்டலுக்குச் சீட்டு வைத்திருந்தது ஒரு புண்ணியவான் ஏஜென்ட். கவுன்ட்டரில் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டதும் அக்கா முகமெல்லாம் சிரிப்பாக, “பேத்தியப் பாக்கத்தான் போறேன்” என்றார். உறவினரைப் பார்க்க என்று அதே படிவத்தில் தனிக் கட்டமே உண்டு. அழைப்புக் கடிதம் வைத்து அதில் டிக் அடித்திருந்தால் உண்மையும் காரியமும் ஒன்றாக நடந்திருக்கும். அடுத்தது விரல்ரேகை. இலை நறுக்கி, தூள் வைத்துச் சுருட்டியே தேய்ந்த விரல்கள், இயந்திரத்துக்குப் பிடிபடவில்லை. துடைத்துத் துடைத்து வைத்து ஒருவழியாகப் பதிந்தது. அந்த ரேகை 59 மாதம் செல்லும், அதுவரை மறுபடி கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் அக்காவுக்கு ஆறுதல்.

எங்கள் ஊருக்கே உரிய தொல்லைகளும் உண்டு. பான் கார்டில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் பின்னால், வங்கியில் இனிஷியலே இல்லை. மூவரும் ஒரே ஆள்தான் என்று வெளிநாட்டு அதிகாரிக்கு யார் சொல்வது? பழைய பாஸ்போர்ட்டில் திருநெல்வேலி மாவட்டம், ஆதாரில் தென்காசி மாவட்டம். 2019 நவம்பர் 22-ல் மாவட்டம்தான் இடம்மாறியது, நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். பட்டா சிட்டாவைத் தமிழிலேயே கொடுத்தால் அங்கே வாசிக்க ஆள் இல்லை, ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது, தங்கும் ஒவ்வொரு நாளும் அதில் அடங்க வேண்டும். பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் வாங்கியதாக, திரும்பிய பிறகும் மூன்று மாதம் உயிரோடு இருப்பதாக, இரண்டு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே மனுப் போடலாம். கடைசி எல்லை 15 நாள். நம்மவர்கள் கடைசி எல்லையைத்தான் ஆரம்பம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் முறை அண்ணாச்சி ஏஜென்டை விட்டுவிட்டு, தம்பி மகனை உட்காரவைத்து எழுதினார். மனு ஸ்விட்சர்லாந்துக்கு. நகை மீட்டாயிற்று; கணக்கு உள்ளது உள்ளபடி, கூடவே கடையின் ஜிஎஸ்டி தாள்களும் வருமான வரி ரசீதும். கடிதம் ஒரே பக்கம். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும், அருவியில் தண்ணீர் விழும், தண்ணீர் விழுந்தால்தான் எனக்கு வருமானம், ஆகவே மே 25-க்குள் ஊரில் இருப்பேன். பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போய்க் கொடுத்துவிட்டு, மறுநாள் அதே வண்டியில் திரும்பி வந்தார். மூன்று வாரத்தில் பாஸ்போர்ட் வந்தது, விசாவோடு.

சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டார். கடைத் திண்ணையில் விசாரணை நடந்தது. ரைன் அருவியைப் பார்த்தாராம். ஐரோப்பாவின் பெரிய அருவி, அகலம் 150 மீட்டர், உயரம் 23 மீட்டர்.

“எப்படி அண்ணாச்சி இருந்துது?”

“தண்ணியெல்லாம் குறையில்ல. நம்ம மெயின் அருவி உசரத்துக்குப் பாதிகூடக் காணாது, ஆனா அகலம் பெருசு. டிக்கெட் எடுத்து உள்ள போனேன். இம்புட்டுத் தண்ணி விழுது, ஒரு பய குளிக்கல வே! எல்லாவனும் கோட்டு மாட்டிக்கிட்டுப் படம் புடிக்கான். துண்டும் எண்ணெயும் பையில வச்சிருந்தேன். அப்படியே கொண்டாந்துட்டேன்.”